நான் எடுக்காத கறள் துண்டு

உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் "கண் பராமரிப்பு உதவியாளர்" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. எந்த நோயாளியும் அதை வாசிக்கப் போவதில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் நம்முடைய சனத்துக்கு அவர் டொக்டர்தான். இல்லை என்று நீங்கள் சொன்னால், "இவவுக்குப் பெருமையே இல்ல" என்று அதற்கும் ஒரு பாராட்டுக் கிடைக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பாராட்டை நான் கேட்டிருக்கிறேன். கேட்க இனிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

உதவியாளரின் சட்ட எல்லைகளைப் பற்றி, புதிதாக வேலைக்குச் சேரும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எல்லைகளை நீங்கள் பாடமாக்கிப் பரீட்சை எழுதித்தான் வந்திருக்கிறீர்கள். பார்வையை அளக்கலாம், கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கலாம், டொக்டர் எழுதிய துளி மருந்தை விடலாம், கண்ணைக் கழுவலாம், கண்டதை எழுதி வைக்கலாம். இன்ன நோய் என்று சொல்லக்கூடாது, நாமாக மருந்து கொடுக்கக்கூடாது, கருவிழியில் குச்சியோ ஊசியோ வைக்கக்கூடாது. இதெல்லாம் எனக்கும் தலைகீழாகத் தெரியும். உங்களோடு நானும் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தால் உங்களைவிடக் கூடப் புள்ளி எடுத்திருப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கற்பிட்டிக்குப் போகிற பாதையோரம் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட சின்னக் கண் கிளினிக் எங்களுடையது. டொக்டர் ஒரு பெண், பட்டணத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான். பார்வை அளப்பதும், சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர்களுக்கு டொக்டர் எழுதிய மருந்தை விடுவதும், கட்டு மாற்றுவதும் என் வேலை.

எங்கள் கரையில் கண்ணுக்குள் எதாவது பறந்து விழாத நாள் கிடையாது. காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். வெங்காயத் தோட்டத்தில் சருகு பறக்கும். நுரைச்சோலைப் பக்கம் இரும்பு ஒட்டுகிற பெடியன்கள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்வார்கள். ஒரு நாள் டொக்டர் இல்லாத நேரம் ஒரு வெங்காயக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து அழுதார். பார்க்கப் பொறுக்கவில்லை. நோவு தெரியாமல் விறைக்கிற மருந்தில் ஒரு துளி விட்டு, பஞ்சுக் குச்சியால் ஒற்றி, சருகை எடுத்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் வீட்டு வாசலில் ஒரு பை சின்ன வெங்காயம் இருந்தது. அந்த வெங்காயத்தில் வைத்த குழம்பைப் போல ஒரு குழம்பை நான் பிறகு வைக்கவே இல்லை.

அதோடு தொடங்கியது. "ராத்தாட கை", அக்காவின் கைராசி, என்று பெயர் வந்து, வண்ணாத்திவில்லில் இருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். டொக்டருக்கு இது தெரியாது, நான் சொல்லவில்லை. பதிவுப் புத்தகத்தில் பார்வை அளந்ததை எழுதுவேன், கட்டு மாற்றியதை எழுதுவேன், துண்டு எடுத்ததை மட்டும் எழுத மாட்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் செய்த ஒரு வேலையைப் புத்தகத்தில் எழுத உங்கள் கை கூசினால், அது உங்கள் எல்லைக்கு வெளியே என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. என் கை வருடக்கணக்காகக் கூசிக்கொண்டுதான் இருந்தது.

கச்சான் காற்று தொடங்கப் போகிற நாட்கள். எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் மீன்பிடிக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்யும். போனால் நாலைந்து மாதம் கழித்துத்தான் வீடு. போட், எஞ்சின், வலை, சட்டி பானை எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, முந்திப் போகிறவனுக்குத்தான் கரையில் நல்ல இடம் என்று ஓடுவார்கள்.

அப்படிப்பட்ட லொறி ஒன்று முற்பகல் பத்து மணியளவில் எங்கள் வாசலில் வந்து நின்றது. மேலே ஒரு போட் கவிழ்த்துக் கட்டியிருந்தது. எஞ்சினை நிற்பாட்டவில்லை. அதிலிருந்து இறங்கி வந்தவர் குறிஞ்சிப்பிட்டிச் சூசை, நாற்பத்தைந்து வயது இருக்கும், இடது கண்ணைத் துவாயால் பொத்தியிருந்தார். பின்னால் அவருடைய மனைவி ரீற்றா.

"மிஸ், இரும்புக் கறள் துண்டு ஒண்டு கண்ணுல குத்திட்டுது. கெதியா எடுத்து உடுங்க. லொறி நிக்குது."

"எப்ப பட்டது?"

"விடிய. எஞ்சின் பூட்டுற இரும்ப சுத்தியலால தட்டக்குள்ள பறந்திச்சி. கண்ணாடியில பாத்தன், கறுப்பாத் தெரியிது."

ரீற்றா முந்திக்கொண்டாள். "போன வருசம் இவர்ட தம்பிக்கும் நீங்கதானே மிஸ் எடுத்தீங்க. கண்மூடித் தொறக்கல்ல, எடுத்திட்டீங்க!"

விறாந்தை வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஏழெட்டுப் பேர், அவர்களோடு வந்தவர்கள். எனக்குப் புகழ் தலைக்குள் ஏறிவிட்டது. "வாங்க, பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். நோவில் மனிதரால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. விறைக்கிற மருந்துப் போத்தலை எடுத்தேன், ஒரு துளி விட்டேன். டொக்டர் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கண்ணைப் பெருப்பித்துப் பார்க்கிற விளக்கு இயந்திரத்தின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னேன். கருவிழியின் ஓரம், மூக்குப் பக்கமாக, எள்ளளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பழகிய வேலை. வலது கையில் பஞ்சுக் குச்சி வந்துவிட்டது. குறி பார்ப்பதற்காக வெளிச்சத்தைக் கொஞ்சம் அகலமாக்கினேன், பிள்ளைகளே, கையைக் கொண்டு போவதற்கு ஒரு நொடி முந்தித்தான் அகலமாக்கினேன்!

அவருடைய கண்ணின் நடுவில் இருக்கும் கண்மணி வட்டமாக இல்லை. ஒரு பக்கம் இழுபட்டுக் கூராகி, அந்தக் கூர் நேராகக் கறுப்புப் புள்ளியைப் பார்த்து நின்றது. புள்ளியை மறுபடி பார்த்தேன். கறளைப் போல வறண்டு இல்லை, ஈரமாக மினுங்கியது. கறுப்புக்கூட இல்லை, கடும் பழுப்பு, அந்த மனிதரின் கண்ணில் கண்மணியைச் சுற்றி இருந்த அதே நிறம்.

டொக்டர் முன்பொரு நாள் வேறொரு கண்ணைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "வட்டமா இருக்க வேண்டியது வட்டமா இல்லாட்டி, முதல்ல கையை மடியில வைங்க. பிறகு யோசிங்க." நான் கையை மடியில் வைத்தேன். குச்சியைக் குப்பை வாளியில் போட்டேன். மற்றக் கண்ணை மூடச் சொல்லி விரலைக் காட்டினேன். எத்தனை விரல் என்று முகத்துக்கு முன்னால் கொண்டு வந்தால்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மருந்து முழுதாக வேலை செய்தது.

"அட!" என்று சூசை நிமிர்ந்தார். "நோவு போயிட்டுது! எடுத்திட்டீங்களா மிஸ்?" நான் வாயைத் திறக்குமுன்னே எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். "ரீற்றா, சரி, வா!" என்றார். ரீற்றா கையெடுத்துக் கும்பிட்டாள். வாங்குப் பலகையில் இருந்த ஒருவர், "நான் சொல்லல்ல? ராத்தாட கை" என்றார். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. சூசை ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுவிட்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நான் எதையும் எடுக்கவில்லை, தொடவும் இல்லை, ஆனாலும் என் புகழ் இன்னும் கூடிவிட்டது! என் கையால் விட்ட ஒரு துளி அந்த மனிதருக்குச் சுகம் என்று பொய் சொல்லி, கிழக்குக் கரைக்குப் போகிற லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணோடு குழியும் மேடுமான பாதையில் ஒரு பகல் முழுக்கக் குலுங்கிப் போய், வாடியில் இறங்கி, வலை இழுத்தால்! உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஓடிப்போய்ப் படியை மறித்தேன். "இரிங்க சூசை! நான் எடுக்கல்ல."

"அப்ப நோவு போச்சே?"

"அது மருந்து. அரை மணித்தியாலத்துல திரும்பி வரும். நோவத்தான் மறைச்சிருக்கு, கண்ணுக்கு ஒண்டும் செய்யல்ல. இத இண்டைக்கே டொக்டர் பாக்கோணும்."

"அங்க போய்ப் பாத்துக்குவம் மிஸ். நாலு குடும்பம் லொறியில காத்துக்கிட்டு நிக்குது."

டொக்டருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அன்று அவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருக்கிற நாள். திரும்பவும் அடித்தேன், இல்லை. லொறி மறுபடி ஹோர்ன் அடித்தது. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாள் ஞாபகம் வந்தது. டொக்டர் கையெழுத்திட்ட தாள், அவரைக் கேட்காமலே நாங்கள் செய்யக்கூடியவற்றின் பட்டியல். கண் துளைபட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால் தொடாதே, அழுத்தாதே, மருந்து விடாதே, கேடயம் வைத்து மூடு, உடனே அனுப்பு என்று ஒரு வரி. சந்தேகம் போதும்! நோயின் பெயரைச் சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்லை, அந்த மனிதரை நிறுத்தி அனுப்புவதற்கு முழு அனுமதி இருந்தது. எத்தனையோ வருடம் அந்தத் தாளை எனக்கு விலங்கு மாட்டுகிற தாள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குத் துணைக்கு நின்றது அது ஒன்றுதான்.

ஆனால் தாளைக் காட்டினால் லொறி நிற்குமா? ரீற்றா என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"தம்பிக்குச் செஞ்சீங்க. இவருக்கு ஏன் ஏலாது? நாங்க ஒங்களுக்கு என்ன பிழை செஞ்சம் மிஸ்?"

அந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம். இயந்திரம் பழுது என்றோ, மருந்து முடிந்துவிட்டது என்றோ சொல்லியிருந்தால் என் பெயர் தப்பும். அவர்களும் "அப்ப சரி" என்று லொறியில் ஏறியிருப்பார்கள். அவர்கள் நம்பியது என் கையை. அந்த நம்பிக்கையை உடைத்தால்தான் அவரை நிறுத்த முடியும் என்று எனக்குப் பட்டது. விறாந்தை முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"தம்பிக்கு எடுத்ததே பிழைதான் ரீற்றா. நான் டொக்டர் இல்ல. கண்ணுல குச்சி வைக்க எனக்கு உரிமையே இல்ல. இத்தன வருசமா ஒளிச்சிச் செஞ்சன். இப்ப இவருக்கு உட்ட மருந்தும் டொக்டர் சொல்லாம நானா உட்டது. அந்த மருந்தாலதான் நோவு தெரியாம இவர் எழும்பிப் போறார். இவர்ர கண்ணுல நான் கண்டது எனக்குத் தெரிஞ்ச விசயம் இல்ல. எனக்குப் பயமா இரிக்கி. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறன், கூட்டிட்டுப் போங்க."

விறாந்தையில் யாரோ "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார்கள். சற்று முந்தி என் கையைப் புகழ்ந்தவர் தன்னுடைய கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் முகம் தீயாகச் சுட்டது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் நான் பட்டதில்லை, பின்னும் இல்லை.

ரீற்றா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று லொறிக்குப் போனாள். சூசையின் தம்பியோடு அவள் என்ன கதைத்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பைகளை இறக்கி வீதியில் வைத்தாள். லொறி போனது. திரும்பி வந்து, "தெரியாது எண்டு சொல்ற டொக்டர நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள்.

"ரீற்றா, நான் டொக்டர் இல்ல!"

"ஓம், ஓம், வெளங்குது. இப்ப என்ன செய்யணும்?"

கேடயம் தேடினால், கடைசிக் கேடயமும் முதல் நாள் முடிந்திருந்தது. ஒரு புது யோகட் கோப்பையைக் கழுவி, அடிப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, விளிம்புக்குப் பஞ்சு சுற்றி, கண்ணில் எதுவும் முட்டாதபடி நெற்றியிலும் கன்னத்திலும் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். அதற்குள் யாரோ ஒரு நல்ல மனம் படைத்தவர் சூசைக்குப் பிளேன்டீயும் பணிஸும் வாங்கி நீட்டினார். பாய்ந்து பறித்தேன். அவசரச் சத்திரசிகிச்சை என்றால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். அந்தப் பணிஸை வாங்கிக் கொடுத்தவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்.

ஆஸ்பத்திரிக்குப் போக நான் கூப்பிட்ட வான் வண்டி வருவதற்குள், அங்கே காட்ட ஒரு கடிதம் எழுதினேன். கண்டதை மட்டும் எழுதினேன்: சுத்தியல் வேலை, பட்ட நேரம், கண்மணியின் வடிவம், பழுப்புப் புள்ளி இருந்த இடம், விரல் எண்ணும் பார்வை. இன்னது என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை. கடைசி வரியில் பேனை நின்றது. பிறகு எழுதினேன்: "விறைக்கும் மருந்து ஒரு துளி, டொக்டரின் உத்தரவு இன்றி, என்னால் விடப்பட்டது." நேரமும் கையெழுத்தும் போட்டேன். அதே வரியைப் பதிவுப் புத்தகத்திலும் எழுதினேன்.

சூசையையும் ரீற்றாவையும் ஏற்றிக்கொண்டு வான் வண்டி கண்ணுக்கு மறைகிற நேரம் டொக்டரின் அழைப்பு வந்தது.

"என்ன கண்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நான் சேர்ஜனுக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நானோ பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகும் போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக டொக்டர் அடித்தார். கறள் துண்டு கருவிழியைத் துளைத்து உள்ளே போயிருந்ததாம். அந்தத் துளையைத் தானாக வந்து அடைத்துக்கொண்டிருந்தது கண்மணியைச் சுற்றியிருக்கும் பழுப்புத் திரை. துண்டை எடுத்து, திரையைத் திரும்ப உள்ளே வைத்து, தையல் போட்டுவிட்டார்கள். நான் கறள் என்று குச்சியால் இழுக்கப் போனது சூசையின் கண்ணையேதான்! அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பதிவுப் புத்தகம் அவர் முன்னால் திறந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், வெங்காயக்காரரில் இருந்து.

"மொத்தம் எத்தனை பேருக்கு எடுத்தீங்க?"

"எண்ணல்ல மேடம்."

"அதுல எத்தனை பேர் நல்லா இருக்காங்க?"

எழுதாத வேலைக்கு எதைப் பார்த்துப் பதில் சொல்வது? நன்றாக இருந்தவர்கள் வெங்காயத்தோடு வந்தார்கள். வராதவர்களைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததே இல்லை. டொக்டர் சத்தம் போடவில்லை. "நீங்களே எழுதினதால உங்க வேலை போகாது. ஆனா ஒரு மாசத்துக்கு நீங்க பார்வை அளக்கிற அட்டைக்குப் பக்கத்துல மட்டும் நில்லுங்க. வேற எதுக்கும் கை வைக்க வேணாம்" என்றார். இரண்டு நாள் கோபத்தில் எவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், நான்தான் முதல் ஆளாகக் கிளினிக்கில் நின்றேன்.

சனம் என்னைச் சும்மா விடவில்லை. துண்டு எடுக்க வந்தவர்களை டொக்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால், "ராத்தாக்கு இப்ப பெருமை கூடிட்டு" என்றார்கள். முன்பு பெருமையே இல்லாதவள் என்று சொன்ன அதே வாய்கள்! சூசை குடும்பத்துக்கு அந்த வருடக் கிழக்குக் கரைத் தொழில் போனது. தம்பி மட்டும் போனார். நான் ஒளித்துச் செய்த வேலை இல்லாவிட்டால் அவர்கள் விடியவே நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். வழியில் என் வாசலில் நின்றது என் பெயரைக் கேட்டுத்தான். அந்தக் கணக்கை நான் எனக்குச் சாதகமாக முடிக்க எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

அந்த ஒரு மாதத்தின் கடைசிக் கிழமையில் சூசை வந்தார். டொக்டர் பார்ப்பதற்கு முன்னால் பார்வையை அளக்க வேண்டும், அது என் வேலை. எழுத்து வாசிக்காதவர்களுக்காக, மூன்று கால் கொண்ட ஒரே வடிவம் நாலு திசையிலும் திரும்பித் திரும்பி இருக்கும் அட்டை ஒன்று உண்டு. கால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். நல்ல கண்ணை மூடினேன். அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே இருந்த பெரிய உருவைக் குச்சியால் தொட்டேன்.

கை மேலே போனது. சரி.

இரண்டாம் வரி. வலது. கீழ். சரி. மூன்றாம் வரி. இடது, மேல், இடது, சரி! நாலாம் வரியில் கொஞ்சம் தயங்கினார். தடித்த, வலை இழுத்துத் தழும்பேறிய கை மெதுவாக வலது பக்கம் திரும்பியது. சரி. ஐந்தாம் வரி, எல்லாம் சரி! ஆறாம் வரியில்தான் பிழை விட்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே சத்தம் போட வேண்டும் போல இருந்தது. விரலையும் எண்ண முடியாமல் போன கண்! ரீற்றாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும், கண் தப்பிவிட்டது என்று விறாந்தைக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு அனுமதிக்கப்பட்டது ஓர் இலக்கத்தை எழுதுவது மட்டும்தான். ஐந்தாம் வரிக்கு உரிய இலக்கம், 6/12 என்று எழுதினேன். புத்தகத்தில் அத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் ஆக அழகான இலக்கம் அது.

"எப்பிடி மிஸ்? நல்லா இரிக்கா?" என்று சூசை கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"அத டொக்டர்தான் சொல்லுவா. நான் சொல்லக்கூடாது."

நல்ல கண்ணை மூடிய அட்டையை அவர் இன்னும் எடுக்கவில்லை. அந்த அடிபட்ட கண்ணால், இருபதடிக்கு அப்பால் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாதீங்க மிஸ்," என்றார். "அழுவுறீங்க. இங்க இருந்தே தெரியிது."